கண்ணாடியார் சிபாரிசு செய்த படம்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்சுக்குச் சாணை பிடிப்பவர் என்பதால் சபையில் அவருக்குக் கண்ணாடியார் என்று பெயர் வந்துவிட்டது. பெற்றோர் வைத்த பெயரைச் சொன்னால் போதகருக்கே கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான ஆள். பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் அவர் போட்டிருக்கும் கண்ணாடியைத்தான் பார்ப்பார். மூக்கில் சரிந்திருந்தால், கேட்காமலேயே கழற்றி வாங்கிக் கம்பியை லேசாக வளைத்து, துடைத்துத் திருப்பிக் கொடுப்பார்.

சபை நூலகம் அவர் தலையில் வந்து விழுந்தது ஒரு வேடிக்கை. அதுவரை அதைக் கவனித்துவந்த ஓய்வுபெற்ற டீச்சர் மகள் வீட்டோடு போய்விட்டார். அடுத்து யார் பார்ப்பது என்று போதகர் கூட்டத்தில் கேட்டபோது எல்லாரும் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். இவர் ஒருவர்தான் குனிந்து செருப்பைப் பார்த்தார். குனிந்தவனைத்தானே குட்டுவார்கள். கூட்டம் முடிவதற்குள் சாவி இவர் சட்டைப்பைக்கு வந்துவிட்டது.

ஆலயத்தின் பக்கவாட்டில் சின்ன அறை. முன்பு பாடகர் குழுவின் அங்கிகளைத் தொங்கவிட்டிருந்த இடம். அங்கிகள் மாடிக்குப் போய், கொக்கிகள் மட்டும் சுவரில் மிச்சமிருந்தன. இரண்டு இரும்பு பீரோக்கள். ஒன்றில் புத்தகங்கள்: தினதியானம், ஜெபம், ஊழியர்களின் வாழ்க்கை வரலாறு, துக்கத்தில் இருப்பவர்களுக்கு, புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு, பிள்ளைகளுக்குப் படம் போட்ட வேதாகமக் கதைகள். மற்றதில் சிடிக்கள், அத்தனையும் கிறிஸ்தவப் படங்கள். மூலையில் ஒரு டிவி, அதன்மேல் பிளேயர், ஒரு ஹெட்போன். ஆவிக்குரிய வளர்ச்சிக்கு என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தது. உள்ளே நுழைந்தால் முதலில் வருவது பாச்சை உருண்டை வாசனைதான்.

கண்ணாடியார் முதலில் அட்டையின் பின்பக்கத்தை மட்டும் படித்துப் புத்தகங்களை எடுத்துக் கொடுத்தார். பிறகு மெல்ல உள்ளேயும் படிக்க ஆரம்பித்தார். கணவனை இழந்த ஒரு அம்மாளுக்கு அவர் எடுத்துக் கொடுத்த புத்தகம் அந்த அம்மாளை எப்படியோ தொட்டுவிட்டது. அடுத்த வாரம் வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். செய்தி பரவியது. "கண்ணாடியார்கிட்ட போங்க, பவர் பாத்துப் புத்தகம் குடுப்பாரு" என்று சொல்லிச் சிரித்தார்கள். வேலையில்லாதவர், தேர்வில் தோற்றவர், மகனோடு பேச்சுவார்த்தை இல்லாதவர் என்று ஆள் வந்தார்கள். "நம்ம கையில என்ன இருக்கு, எல்லாம் ஆண்டவர் செயல்" என்று அடக்கமாகத்தான் சொல்வார். வீட்டுக்கு வந்ததும் அதே கதையை மனைவியிடம் இரண்டு தரம் சொல்வார்.

மனைவி தபால் நிலையத்தில் கவுன்டரில் இருப்பவள். "நானும்தான் நாள் பூரா கவர்ல முத்திரை குத்தி அனுப்பறேன். உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்னு என்னைக்காவது சொல்லியிருக்கேனா?" என்று கேட்பாள். கண்ணாடியார் சிரித்து மழுப்பிவிடுவார்.

இப்படி இருக்கும்போதுதான் பெயின்டர் நூலகத்துக்கு வரத் தொடங்கினான்.

வீடுகளுக்கு வர்ணம் அடிப்பவன். நல்ல குரல். பாடகர் குழுவில் அவன் பாடும்போது பின்வரிசையில் இருப்பவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். அவன் மனைவி பேக்கரியில் வேலை செய்தாள். அவளைக் கண்ணாடியார் தங்கச்சி என்பார். அவள் இவரை அண்ணே என்பாள். ஒரு பெண் குழந்தை, பள்ளிக்கூடம் போகிறது, தடித்த கண்ணாடி. அந்தக் கண்ணாடியைச் செய்ததே இவர்தான். கொஞ்ச நாளாகத் தங்கச்சி குழந்தையோடு தன் அக்கா வீட்டில் இருக்கிறாள் என்பது சபையில் எல்லாருக்கும் தெரியும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. கேட்பதும் மரியாதை இல்லை என்று விட்டிருந்தார்கள்.

பெயின்டர் ஒவ்வொரு ஞாயிறும் எல்லாரும் போன பிறகு வருவான். குடும்ப வாழ்க்கை பற்றிய புத்தகங்களைத் தேடி எடுப்பான். திருப்பிக் கொடுக்கும்போது, "இதுல எழுதியிருக்கறதெல்லாம் எனக்காகவே எழுதுன மாதிரி இருக்குண்ணே" என்பான். ஒருநாள் பீரோவில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதே விட்டான். வர்ணம் காய்ந்த நகத்தோடு ஒரு ஆம்பிளை அழுவதைப் பார்த்ததும் கண்ணாடியாருக்கு நெஞ்சு இளகிப்போயிற்று.

"நான் மாறிட்டேண்ணே. அவ நம்ப மாட்டேங்கறா. அவளுக்கும் எதாவது குடுங்க. நான் குடுத்தா தொடமாட்டா. நீங்க குடுத்தா வாங்குவா. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

அன்று மத்தியானம் சாப்பிடும்போது அதை மனைவியிடம் சொன்னார்.

"அவ ஏன் போனாளாம்?"

"என்னமோ சண்டை. ஒரு கை தட்டினா ஓசை வருமா? ரெண்டு பக்கமும் இருக்கும்."

"நீங்க அவகிட்ட கேட்டீங்களா?"

"குடும்ப விஷயத்தை எப்படிக் கேக்கறது?"

"கேக்கறதுக்குக் குடும்ப விஷயம். சிடி குடுக்கறதுக்கு மட்டும் இல்லையா?"

கண்ணாடியார் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

பீரோவில் ஒரு படம் இருந்தது. கோபக்காரக் கணவனை விட்டுப் பிரிந்துபோன மனைவி, ஜெபித்து, மன்னித்துத் திரும்பி வருகிறாள், அவன் மனந்திரும்புகிறான், கடைசியில் குடும்பமே ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. சிடியில் கீறல் விழுந்து நடுநடுவே நின்றுபோகும். அதைக் கடைக்கு எடுத்துப்போய், லென்சுக்குப் போடும் பாலிஷை மெல்லிய துணியில் தொட்டு, நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுத்து இழுத்துத் தேய்த்தார். நின்ற இடங்களை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தார். எங்கும் நிற்காமல் ஓடியது. அவருக்குத் திருப்தி.

அடுத்த ஞாயிறு, தங்கச்சி குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கிப் போகும்போது கூப்பிட்டார்.

"தங்கச்சி, இத எடுத்துட்டுப் போய்ப் பாரு. நல்ல படம்."

அவள் வாங்கிப் பார்த்தாள். அட்டையில் ஒரு வீட்டின் ஜன்னலில் விளக்கு எரிந்தது. "எதைப் பத்தி அண்ணே?"

"மன்னிக்கறதப் பத்தி. சேர்ந்து வாழறதப் பத்தி."

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். "அவர் குடுக்கச் சொன்னாரா?"

அந்தக் கேள்வி வரும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. பதில் மட்டும் தயாராக வந்துவிட்டது. "சேச்சே, இல்லம்மா. ஜெபம் பண்ணிட்டு இருந்தப்ப உன் ஞாபகம் வந்துச்சு. நானாத்தான் எடுத்து வெச்சேன்."

அவள் சிடியைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

ஒரு சின்னப் பொய். நல்லதுக்குச் சொன்ன பொய். அப்படித்தான் அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார்.

சில வாரங்களில் பெயின்டரும் மனைவியும் குழந்தையும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பிரிந்த குடும்பம் ஒன்று சேர்ந்ததற்காகப் போதகர் நன்றி ஜெபம் செய்தார். வெளியே வந்ததும் பெயின்டர் கண்ணாடியாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். கண்ணாடியார் அன்று தரையில் கால் பாவாமல் வீட்டுக்கு வந்தார். மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அவள் தட்டை வைத்துச் சோறு போட்டாள்.

அதற்கப்புறம் தங்கச்சி ஆலயத்துக்கு வருவது குறைந்தது. பேக்கரியில் வேலை அதிகம் என்று பெயின்டர் சொன்னான். கண்ணாடியாரும் சரி என்று விட்டுவிட்டார்.

பிறகு ஒரு வேலை நாளில், கடை முதலாளி பின்னறைக்கு ஒரு உடைந்த கண்ணாடியைக் கொண்டுவந்து வைத்தார். "இது நம்ம செஞ்சதுதானாம். அவசரமா வேணுமாம். நீங்களே பேசுங்க." குழந்தைக் கண்ணாடி. இளநீல பிரேம். ஒரு கம்பி வேரோடு பிய்ந்திருந்தது. ஒரு லென்சில் விரிசல். பார்த்த மாத்திரத்தில் அது யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

முன்பக்கம் போனார். நின்றிருந்தது தங்கச்சியின் அக்கா. அவள் வேறு சபைக்குப் போகிறவள். இவரை அவளுக்குத் தெரியாது.

"கீழ விழுந்துடுச்சாம்மா?" என்று கேட்டார்.

"விழல. அவங்கப்பன் எங்க தங்கச்சியை அடிக்கறப்ப புள்ள குறுக்க போயிருக்கு. தட்டி விட்டதுல கண்ணாடி தெறிச்சுடுச்சு. புள்ளைக்கு ஒண்ணும் ஆகல. தங்கச்சிக்குத்தான் முழங்கைகிட்ட எலும்பு ஒடஞ்சிருச்சு. ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டு, இப்ப எங்க வீட்டுலதான் இருக்கா."

கண்ணாடியார் கையிலிருந்த பிரேமைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது மொதத் தடவ இல்லீங்க. போன தடவ நான்தான் போய்க் கூட்டிட்டு வந்தேன். திரும்பப் போகாதடின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். இவளும் போகமாட்டேன்னுதான் இருந்தா. அவங்க சர்ச்சுல எவனோ ஒரு பெரிய மனுசன் ஒரு படத்தைக் குடுத்திருக்கான். அதப் பாத்துட்டு அழுது அழுது கெளம்பிப் போயிட்டா. அவன் மட்டும் என் கையில கெடச்சான்னா..."

அவர் வாயைத் திறந்தார். "நாளைக்கு ரெடியாயிடும்மா" என்றுதான் வந்தது.

பின்னறைக்கு வந்து சாணையின் முன் உட்கார்ந்தார். மெஷினைப் போட்டார், நிறுத்தினார். நான்தான் அந்த ஆள் என்று சொல்ல அவளுக்கு எதிரேயே நின்றும் நாக்கு எழவில்லை. முதலில் பொய், இப்போது மௌனம்.

சாயங்காலம் நேராக நூலகத்துக்குப் போனார். தங்கச்சி எப்போதோ திருப்பிக் கொடுத்துவிட்டிருந்த சிடியைப் பிளேயரில் போட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல்முறையாக முழுப் படத்தையும் பார்த்தார். நடுவில், அவர் முன்பு பார்க்காத இடத்தில், ஒரு காட்சி வந்தது. கணவன் கையை ஓங்குகிறான். மனைவி சுவரோடு ஒட்டிக்கொள்கிறாள். கதவு மூடுகிறது. அடுத்த காட்சியில் பூக்கள் பூத்திருக்கின்றன, இசை வருகிறது, அவள் முழங்காலில் நின்று ஜெபிக்கிறாள். மூடிய கதவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று படத்தில் யாரும் கேட்கவில்லை. தன் கையால் மெருகு போட்டு, எங்கும் தடங்கல் இல்லாமல் ஓடும்படி செய்து கொடுத்த படம்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார், பொய்யையும் சேர்த்து. அப்போதே சொன்னேனே என்பாள் என்று காத்திருந்தார். அவள் அப்படிச் சொல்லவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவள் திட்டியிருந்தால் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும்.

மறுநாள் கடைக்குப் போகிற வழியில் போதகரைப் பார்த்தார். நடந்தது அவருக்கும் அரைகுறையாகத் தெரிந்திருந்தது. "உங்க நோக்கம் நல்ல நோக்கம். ஆண்டவருக்குத் தெரியும். மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றார். நோக்கம் நல்லதாக இருந்தால் எலும்பு ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

கண்ணாடி தயாரானதும் அக்கா வந்து வாங்கட்டும் என்று காத்திராமல், கடை ரசீதில் இருந்த விலாசத்தைப் பார்த்து, அவரே எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். மாடிப்படிக்கு அடியில் இருந்த சின்ன வீடு. கதவைத் திறந்த அக்கா, "நீங்களே கொண்டாந்துட்டீங்களா? ரொம்ப நன்றிங்க" என்றாள். உள்ளே நாற்காலியில், கையைக் கட்டுப்போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டு, தங்கச்சி உட்கார்ந்திருந்தாள். இவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"எழுந்திரிக்காதம்மா."

குழந்தையைக் கூப்பிட்டுக் கண்ணாடியை மாட்டிவிட்டார். காதுக்குப் பின்னால் கம்பி அழுத்துகிறதா என்று கேட்டுக் கேட்டுச் சரிசெய்தார். அந்த வேலை முடிந்துவிடக் கூடாது என்று இருந்தது. முடிந்துவிட்டது. குழந்தை அடுத்த அறைக்கு ஓடியது.

"அந்தப் படத்தைக் குடுத்தது நான்தான்" என்று அக்காவிடம் சொன்னார். அவள் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே தங்கச்சியிடம் திரும்பினார். "அன்னைக்கு நீ கேட்டியேம்மா, அவர் சொன்னாரான்னு. ஆமா. அவன் சொல்லித்தான் குடுத்தேன். உங்கிட்ட பொய் சொன்னேன்."

அக்கா கதவைக் காட்டினாள். "மொதல்ல வெளிய போய்யா."

"இரு அக்கா" என்றாள் தங்கச்சி. அவள் குரலில் கோபமே இல்லை.

"அவர் குடுத்தனுப்பினதுன்னு தெரிஞ்சிருந்தா தொட்டிருக்கவே மாட்டேண்ணே. அவர் சொல்லலன்னு நீங்க சொன்னதாலதான் பாத்தேன். ஜெபத்துல என் ஞாபகம் வந்துச்சுன்னீங்க. ஆண்டவர்தான் உங்க கை வழியா எங்கிட்ட பேசறாருன்னு நெனச்சுட்டேன். மாட்டேன்னு நான் யார்கிட்ட சொல்றது?"

மன்னிச்சுடும்மா என்று சொல்லத்தான் கண்ணாடியார் வந்திருந்தார். மன்னிப்பைப் பற்றி அவளுக்குப் படம் கொடுத்த வாயால் அந்தச் சொல்லைச் சொல்ல முடியவில்லை.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? 'ஏன் தங்கச்சி, அக்கா வீட்டுல இருக்க?'ன்னு. நான் சொல்லியிருப்பேன். யாராவது கேக்கமாட்டாங்களான்னுதான் இருந்தேன்."

"என்ன செய்யணும்னு சொல்லும்மா."

"எனக்கு நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். வர்ற வாரம் சபைப் பெரியவங்க, மூப்பர்களை வெச்சுப் பேசணும்னு அவர் கேட்டிருக்காராம். திரும்பவும் சேத்து வைக்கத்தான். உங்ககிட்ட அவர் எப்படிச் சொன்னாரு, நீங்க எங்கிட்ட எப்படிச் சொன்னீங்க, அத மட்டும் அங்க சொல்லுங்க."

போதகர் அறையில் அந்தக் கூட்டம் நடந்தது. பெயின்டர் சலவைச் சட்டையில் வந்திருந்தான். அழுதான். கோபத்தில் தெரியாமல் நடந்துவிட்டது, இன்னொரு வாய்ப்பு வேண்டும் என்றான். தங்கச்சி வரவில்லை, அக்காதான் வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவன் அழுததில் மூப்பர்கள் கரைந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் வயதானவர், "தப்பு ரெண்டு பக்கமும்தான் இருக்கும். ஒரு கையில ஓசை வருமா?" என்றார்.

"வரும் ஐயா" என்றார் கண்ணாடியார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "கன்னத்துல விழுந்தா ஒரு கையிலயே ஓசை வரும். நானும் அப்படித்தான் பேசிட்டுத் திரிஞ்சேன். அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேக்கல." பிறகு நடந்ததை முதலிலிருந்து சொன்னார். பெயின்டர் அழுதது, தன் பெயர் வெளியே வரக்கூடாது என்று கேட்டது, தான் ஜெபத்தின் பேரில் பொய் சொன்னது.

பெயின்டரின் கண் சட்டென்று வறண்டுபோனது. "உங்களை அண்ணனா நெனச்சேன்யா" என்றான். அந்தக் குரலை அதுவரை அந்த அறையில் யாரும் கேட்டதில்லை. குரலுக்கு இப்படி ஒரு மறுபக்கம் உண்டு என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. போதகர் மேஜையைப் பார்த்தபடி, "அந்தப் பொண்ணு எங்க இருக்கணும்னு நினைக்குதோ அங்கயே இருக்கட்டும். நான் நன்றி ஜெபம் பண்றதுக்கு முன்னாடி விசாரிச்சிருக்கணும்" என்றார்.

தங்கச்சி அக்காவோடு போய்ப் போலீசில் புகார் கொடுத்தாள். கண்ணாடியாரும் போய் வாக்குமூலம் கொடுத்தார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே பெயின்டர் வேறு இடத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். சபையில் சிலர், "சேந்திருந்த குடும்பத்தைப் பிரிச்சுட்டாரு" என்று கண்ணாடியாரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அது அவருக்கு வலிக்கவில்லை. "நல்லவேளை, உண்மையைச் சொன்னீங்க" என்று கையைக் குலுக்கியவர்களைப் பார்த்தால்தான் எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

சாவியைப் போதகரிடம் கொடுத்துவிட்டார். அது மேஜைமேலேயே கிடந்தது, யாரும் எடுக்கவில்லை. மனைவிதான் கேட்டாள்: "சாவியைக் குடுத்துட்டா, செஞ்சது அந்த ரூமுக்குள்ளயே பூட்டிக் கெடக்கும்னு நெனப்பா?" மறுவாரம் போய்ச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த சிடியை எடுத்துப் போதகர் மேஜைமேல் வைத்து, "இதை முழுசா பாருங்க, அப்புறம் வெச்சுக்கலாமான்னு சொல்லுங்க" என்றார்.

இப்போதும் ஆட்கள் வருகிறார்கள். தேடி வருபவர்கள் கேட்ட புத்தகத்தை எடுத்துக் கொடுக்கிறார். "நீங்களே ஒண்ணு சொல்லுங்கண்ணே" என்று கேட்பவர்களுக்கு மட்டும் உடனே எதையும் எடுத்துக் கொடுப்பதில்லை. உட்காரச் சொல்லிப் பேசவிடுவார். சிலர் பேசி முடித்துவிட்டுப் புத்தகம் வாங்காமலே போய்விடுவார்கள்.

எலும்பு ஒட்டிய பிறகும் தங்கச்சிக்கு அந்தக் கையை முழுசாக நீட்ட வரவில்லை. பேக்கரியில் மேல்தட்டிலிருந்து தட்டை எடுக்கும்போது மற்ற கையை உயர்த்துவதை அவர் ரோட்டிலிருந்து பார்த்திருக்கிறார். ஆலயத்துக்கு மறுபடி வரத் தொடங்கினாள். குழந்தை நூலகத்துக்கு ஓடி வந்து தானே தேடிப் படக்கதைகள் எடுக்கும். அம்மா வெளியே, படிக்கட்டில் நிற்பாள். "வணக்கம் அண்ணே" என்பாள். "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்பார். "இருக்கேண்ணே."

போன ஞாயிறு நல்ல மழை. காற்று சாரலை அள்ளிப் படிக்கட்டில் அடித்தது. அவள் புடவைத் தலைப்பைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு கதவருகே வந்து நின்றாள். கண்ணாடியார் நாற்காலியை வாசல் பக்கம் நகர்த்திப் போட்டார்.

"உள்ள வாம்மா. நனையறியே."

"பரவாயில்லண்ணே. இங்கயே நிக்கறேன்."

குழந்தை இன்னும் புத்தகம் தேடிக்கொண்டிருந்தது. அவர் நாற்காலியைத் திருப்பி எடுக்கவும் இல்லை, அதில் உட்காரவும் இல்லை. மழை விடும்வரை அவள் வாசலுக்கு அந்தப் பக்கமும் அவர் இந்தப் பக்கமுமாக நின்றுகொண்டிருந்தார்கள்.